இரண்டு குட்டைகளில் ரோகு மீன், எடையில் கால் கிலோ வித்தியாசம்: குஞ்சு ரகம்தான் காரணமா?

கடைமடை:
எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் கடைமடைப் பக்கம் எனக்கு இரண்டு குட்டை, ஒவ்வொன்றும் 50 சென்ட். இரண்டிலும் கட்லா, ரோகு, மிர்கால் கலந்துதான் விடுவேன். இந்த முறை கிழக்குக் குட்டைக்கு வழக்கமாக வாங்கும் பொரிப்பகத்தில் ரோகு விரலி (விரல் நீளக் குஞ்சு) எடுத்தேன். மேற்குக் குட்டைக்கு ஒரு நண்பர் சொல்லி ஜெயந்தி ரோகு என்று வேறு இடத்தில் கொண்டுவந்தேன், குஞ்சுக்கு ஒன்றரை மடங்கு விலை. தவிடு, கடலைப் புண்ணாக்கு, மாதம் ஒரு முறை சாணம், எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எட்டாம் மாதம் நேற்று வலை போட்டு ஒவ்வொரு குட்டையிலும் 30 ரோகு பிடித்து எடை பார்த்தேன். கிழக்கில் சராசரி 460 கிராம். மேற்கில் 710. தராசு கெட்டுவிட்டதோ என்று திரும்ப ஒரு முறை நிறுத்தேன், அதேதான்.

கேள்வி இரண்டு. ஒன்று, ரகம் என்று சொல்கிறார்களே, மீனில் நிஜமாகவே இவ்வளவு வித்தியாசம் வருமா? இரண்டாவது, மேற்குக் குட்டையில் நல்ல பெரிய மீனாக 20 எடுத்து மூலையில் வலை கட்டி விட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் அதையே சினை மீனாக வைத்து நானே குஞ்சு எடுத்தால் என்ன? முட்டை போட வைக்கிற ஊசி போட பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறார்.

பொரிப்பகத்தார்:
தம்பி, முதல் கேள்விக்கு வரும் என்பேன். இரண்டாவதுக்கு வேண்டாம் என்பேன். 14 வருஷம் தனியார் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன், என் கையால் செய்ததையே சொல்கிறேன்.

எங்களிடம் சினை மீன் குளம் தனியாக ஒன்று இருந்தது. பேருக்குத்தான் அது தனி. வளர்ப்புக் குளம் அறுவடை செய்கிற அன்று காலை ஐந்து மணிக்கே வியாபாரி வண்டி வந்து நிற்கும். வலையை இழுத்து ஓரமாகச் சேர்த்ததும் அவர் கையைக் காட்டுவார், ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதெல்லாம் ஐஸ் பெட்டிக்குப் போகும். கடைசியில் வலையில் துள்ளிக்கொண்டிருக்கிற 400 கிராம், 500 கிராம் மீனை யாரும் கேட்க மாட்டார்கள். முதலாளி, "அதைச் சினைக் குளத்தில் விடுப்பா, வளரட்டும்" என்பார். அடுத்த ஆடிக்கு அதுதான் ஊருக்கே தாய் மீன். ஒரே நாளில் விட்டு, ஒரே தீனி தின்று, அதில் எது வளரவில்லையோ அதையே வருஷா வருஷம் தாயாக்கிக்கொண்டு வந்தோம். அப்போது இதில் தப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. சின்ன மீன் என்றால் பிடித்து ஊசி போடவும் சுலபம், மருந்தும் குறைவாகப் போகும், அதனால் எங்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஒரு கிலோ ரோகு இரண்டு லட்சம் முட்டைக்குக் குறையாமல் போடும். பத்து இருபது தாய் இருந்தால் ஒரு பருவத்துக்கான ஆர்டரை முடித்துவிடலாம். அதனால் புதுத் தாய் தேட வேண்டிய நெருக்கடியே வராது. பத்து வருஷம் போனால் குளத்தில் இருப்பதெல்லாம் அண்ணன் தங்கைதான். உங்கள் கிழக்குக் குட்டைக் குஞ்சு எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை, பேரும் போட வேண்டாம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே பாதி சொல்லிவிடுவேன்.

முத்துநகர்:
அண்ணன் சொன்னது அவர் வேலை பார்த்த ஒரு பொரிப்பகத்தின் கதை மட்டும் இல்லை. 1980களில் கர்நாடகப் பொரிப்பகங்களைப் பார்த்து ஏக்நாத், டாயில் என்ற இருவர் இதையே எழுதினார்கள். சினை மீனை மாற்றுகிற பழக்கத்தினாலேயே, யாரும் நினைக்காமலேயே, மெதுவாக வளர்கிற மீன் தேர்வாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னது. உறவுக் கலப்பு ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை ஏறுகிறது என்றும் கணக்கிட்டார்கள். மாட்டில் ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே கவலைப்படுவார்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும்போது இதை வாசித்துவிட்டு ரொம்ப நாள் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. விவசாயி தீனியை மாற்றிப் பார்க்கிறார், தண்ணீரை மாற்றிப் பார்க்கிறார், மருந்து ஊற்றுகிறார், ஆனால் சறுக்கல் அவர் குட்டைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

ஜெயந்தி விஷயம் இதற்கு நேர் எதிர். புவனேஸ்வரத்தில் கௌசல்யாகங்கா என்ற இடத்தில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1992-ல் நோர்வே நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார்கள். கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லெஜ், கோமதி என்று ஐந்து ஆற்றிலிருந்து ரோகு கொண்டுவந்து பண்ணை ரோகுவோடு கலந்தார்கள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சையும் தனித்தனிக் குட்டையில் வளர்த்து, அரிசி அளவில் ஒரு மின்னணுச் சில்லை வயிற்றுக்குள் வைக்கிற அளவு பெரிதானதும் எல்லாக் குடும்பத்தையும் ஒரே குளத்தில் விட்டார்கள். அறுவடையில் கருவியைக் காட்டினால் இது எந்தத் தாய் தகப்பன் பிள்ளை என்று எண் வந்துவிடும். எந்தக் குடும்பம் நன்றாக வளர்ந்ததோ அதிலிருந்து அடுத்த தலைமுறைக்குத் தாய் எடுத்தார்கள், நெருங்கிய சொந்தம் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி ஏறியது. 1997-ல் வெளியிட்டார்கள், சுதந்திரப் பொன்விழா ஆண்டு, அதனால்தான் ஜெயந்தி என்று பேர்.

ஆனால் கடைமடை அண்ணா, உங்கள் சோதனையை நான் அப்படியே ஏற்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு குட்டை என்றால் இரண்டு உலகம். ஒன்றில் பாசி கூடுதலாக இருக்கலாம், ஒன்றில் மர நிழல் விழலாம், விட்டபோது குஞ்சின் அளவே வேறாக இருந்திருக்கலாம், ஒன்றில் பாதி செத்து மீதிக்கு இடம் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். 250 கிராமும் ரகத்தால்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கடைமடை:
கோபம் எல்லாம் இல்லை அக்கா. கிழக்குக் குட்டைக் கரையில் இரண்டு தூங்குமூஞ்சி மரம் இருப்பது நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. குஞ்சு அளவும் அங்கே கொஞ்சம் சின்னது.

ஆனால் 20 பெரிய மீனை ஏன் வைக்கக் கூடாது என்பது இன்னும் புரியவில்லை. அவர்களும் பெரியதைத்தானே தேர்வு செய்தார்கள்?

முத்துநகர்:
பெரியதை மட்டும் பார்த்து எடுக்கவில்லை, அதுதான் விஷயம். ஒரு மீன் பெரிதாக இருப்பதற்கு ரத்தம் ஒரு காரணம். ஒரு நாள் முந்திப் பொரித்தது, தீனிப் பை தொங்குகிற மூலையில் இடம் பிடித்தது, மற்றதை முட்டித் தள்ளித் தின்றது என்று ரத்தத்தோடு சம்பந்தமில்லாத காரணமும் நிறைய. மீன் வளர்ச்சியில் பிள்ளைக்கு இறங்குகிற பங்கு பொதுவாகக் கால் பங்கு, கூடப் போனால் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 20 மீன் சராசரியைவிட 200 கிராம் கூடுதலாக இருந்தால் பிள்ளைகளுக்கு அதில் ஐம்பது அறுபது கிராம்தான் போகும்.

அது பரவாயில்லை, அதுவும் லாபம்தானே என்று கேட்பீர்கள். சிக்கல் என்னவென்றால் அந்த 20-ம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். நீங்கள் வாங்கியது ஒரு தொட்டியில் ஒரே இரவில் பொரித்த கூட்டம். அதில் நன்றாக வளர்ந்ததும் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு தலைமுறை அப்படிப் போனால் முட்டை பொரிப்பது குறையும், கூன் விழுந்த மீன் வரும், சம்பாதித்த வளர்ச்சியும் கரைந்துவிடும்.

ஏரிப்பாசனம்:
ஒன்று நேரடியாகக் கேட்கிறேன். இதெல்லாம் மரபணு மாற்றம்தானே? பருத்தியில் பார்த்தோம், கத்தரிக்காயில் கொண்டுவரப் பார்த்தார்கள். இப்போது மீனா? என் பிள்ளைகளுக்கு நான் வாங்கிக் கொடுக்கிற மீனுக்குள் எதை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

முத்துநகர்:
ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். ஜெயந்தியில் வெளியிலிருந்து எதையும் வைக்கவில்லை. வயிற்றில் வைத்த சில்லு ஆராய்ச்சிப் பண்ணைத் தாய் மீனோடு முடிந்தது, அது அடையாள அட்டை மாதிரி. காங்கேயம் காளையைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறார்களே, அதைக் குடும்பக் கணக்கோடு செய்தார்கள், அவ்வளவே.

நீங்கள் நினைப்பது வேறு. அதுவும் நடந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. 1989-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக் சால்மன் முட்டைக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்தினார்கள். அதை இயக்க, குளிர் கடலில் வாழும் வேறொரு மீனின் சுவிட்சைச் சேர்த்தார்கள். சாதாரண சால்மன் குளிரில் ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும், இந்த மீன் வருஷம் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். மூன்று வருஷத்தில் எட்டுகிற எடையை 16 முதல் 18 மாதத்தில் எட்டியது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 2015 ஆனது, கடைசியில் 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்திவிட்டது. ஜப்பானில் 2021-ல் வந்தது இன்னொரு வழி. அங்கே வெளி மரபணுவைச் சேர்க்கவில்லை, மீனிடம் இருப்பதில் ஒன்றைத் திருத்தித் தசை வளர்ச்சிக்குப் போட்டிருக்கும் கட்டையை எடுத்துவிட்டார்கள். மடாய் என்ற அந்தச் சிவப்புக் கடல் மீனில் சதை 1.2 முதல் 1.6 மடங்கு கூடுகிறது என்கிறார்கள்.

இந்த மூன்றையும் ஒரே பேரில் போட்டுக் குழப்பிக்கொண்டால் நல்லதையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். எனக்கு அந்தப் பயம் நிஜமாகவே இருக்கிறது.

வடதுருவம்:
வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணம், இப்போது 30 வருஷத்துக்கு மேலாக நோர்வேயில். எங்கட ஆக்கள் கனபேர் இங்கே வடக்கில மீன் தொழிற்சாலையில்தான் வாழ்க்கையைத் தொடங்கினவை, நானும் அப்படித்தான், பிறகு சால்மன் பண்ணைக்கு மாறினேன்.

இந்தக் கதை இங்கேதான் பெரிதாக ஓடியது. 1970களின் தொடக்கத்தில் சுமார் 40 ஆறுகளில் இருந்து காட்டுச் சால்மன் முட்டை சேகரித்தார்கள். ட்ரிக்வே யெட்ரெம் என்ற விஞ்ஞானியின் பெயரை இங்கே இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் மரியாதையோடுதான் சொல்வார்கள். அவர்கள் ஆட்டையும் மாட்டையும் பன்றியையும் வளர்த்த கணக்கை மீனுக்குக் கொண்டுவந்தவர்கள். சால்மனுக்குத் தலைமுறை நான்கு வருஷம். அதனால் நான்கு கூட்டத்தைத் தனித்தனியாக வைத்து ஒவ்வொரு வருஷமும் ஒன்றைத் தெரிவு செய்தார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரு முடிவு சரியா பிழையா என்று தெரிய நான்கு வருஷம் காத்திருக்க வேணும்.

ஐந்து தலைமுறை கழித்துக் காட்டு மீனையும் தெரிவு செய்த மீனையும் பக்கத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சி இரண்டு மடங்குக்கும் மேல். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தீனிக் கணக்கு. ஒரு கிலோ எடை கூட்டக் காட்டு மீன் தின்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் இது தின்றது. யாரும் தீனியை அளந்து தெரிவு செய்யவில்லை, வளர்ச்சியைத் தெரிவு செய்தார்கள், தீனிச் சிக்கனம் கூடவே வந்தது. உயிரோடு இருக்கவே செலவாகிற தீனி, சீக்கிரம் வளர்ந்தால் குறைந்த நாளுக்குத்தானே போகும். மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனி என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொரிப்பகத்தார்:
அண்ணே, இது எங்களுக்குப் புதுச் செய்தி. சரி, வளர்ச்சி ஒன்றையே துரத்தினால் வேறு எதிலாவது அடி வாங்குமா? நோய்?

வடதுருவம்:
வாங்கும். அதனால்தான் இங்கே சீக்கிரம் வளர்வதோடு, சீக்கிரம் பருவத்துக்கு வராமல் இருப்பதையும், நோய் தாங்குவதையும், சதையின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நான் பண்ணைக்கு வந்த காலத்தில் கணையத்தைத் தாக்குகிற ஒரு வைரஸ் இருந்தது. கடல் கூண்டுக்குக் குஞ்சு மாற்றின கொஞ்ச நாளில் காலையில் போனால் மேலே வெள்ளையாக மிதக்கும். நாங்கள் கைவலையால் அள்ளி அள்ளித் தொட்டியில் போடுவோம், மத்தியானம் திரும்பவும் அவ்வளவு கிடக்கும். அந்தக் குளிரில், அந்த மணத்தோட, செத்ததை எண்ணிக்கொண்டு நிற்கிறது ஒரு மோசமான வேலை.

பிறகு அந்த வைரஸைத் தாங்குகிற தன்மை பெரும்பாலும் மரபணுத்தொகுதியின் ஒரே இடத்தில் இருக்கிறது என்று ஸ்கொட்லாந்திலும் இங்கேயும் கண்டுபிடித்தார்கள். தாய் மீனின் துடுப்பில் நுனியை வெட்டிப் பரிசோதித்து, அந்த இடம் நல்லதாக இருக்கிற தாயின் முட்டையை மட்டும் 2009 அளவில் விற்கத் தொடங்கினார்கள். சில வருஷத்தில் அந்த நோய் மளமளவென்று குறைந்தது. மரபியல் என்ன செய்யும் என்று நான் கண்ணால் கண்டது அதுதான்.

கெட்டதையும் சொல்ல வேணும். கூண்டு கிழிந்து தப்பின மீன் ஆற்றில் ஏறிக் காட்டு மீனோடு சேர்ந்துவிட்டது. சோதித்துப் பார்த்த ஆறுகளில் பாதிக்கு மேல் பண்ணை ரத்தம் கலந்திருக்கிறது. காட்டுச் சால்மன் ஏற்கனவே குறைந்துகொண்டு வருகிறது, அதற்கு மேல் இதுவும். ஆற்றில் உயிர் பிழைக்கிறதுக்கு வேகமாக வளர்ந்தால் மட்டும் போதாது.

ஏரிப்பாசனம்:
இதைத்தான் நான் கேட்க வந்தேன். நம் ஊரில் ஜிலேபி மீன் என்ன செய்தது? 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி அணை எல்லாம் அதுவாகவே ஆனது. எங்கள் ஏரியில் சின்ன வயதில் கெளுத்தி, குறவை, சாணிக்கெண்டை என்று கூடை நிறைய வகை இருக்கும். இப்போது வலையை இழுத்தால் உள்ளங்கை அளவு ஜிலேபிதான். அதுவும் வளராது, குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இப்போது ஜிலேபியிலேயே கிஃப்ட் என்று புதுசாக ஒன்று வந்திருக்கிறது. அது வேகமாக வேறு வளருமாம்.

அணைக்கரை:
நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிஃப்ட் திலேப்பியாதான் வளர்க்கிறேன், அனுமதி வாங்கி. ஐயா சொன்ன பழைய ஜிலேபி மொசாம்பிக் இனத் திலேப்பியா, இது நைல் இனத் திலேப்பியா. உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் இது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கினார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் என்று ஆப்பிரிக்காவில் நான்கு நாட்டு ஆறு ஏரிகளில் இருந்து காட்டு மீன், அதோடு ஆசியப் பண்ணைகளில் ஏற்கனவே இருந்த நான்கு கூட்டம். பண்ணை மீன் பழகிய மீன், அதுதான் ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். எகிப்திலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்த காட்டு மீன் அதற்கு ஈடாக, சில இடத்தில் மேலாகவே வளர்ந்தது. ஆசியாவுக்கு முதலில் வந்த மீன் கொஞ்சம், அதையே பெருக்கிப் பெருக்கிச் சப்பையாக்கிவிட்டார்கள், மேலே பொரிப்பகத்து அண்ணன் சொன்ன அதே கதைதான். பிறகு எட்டையும் ஒன்றோடொன்று கலந்து, நல்லதைச் சேர்த்து ஒரே கூட்டமாக்கித் தேர்வு செய்தார்கள். ஐந்து தலைமுறையில் தொடங்கிய மீனைவிட 80 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வளர்ச்சி.

முத்துநகர்:
இடையில் ஒன்று. அந்தக் குழுவை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் நான் மேலே சொன்ன அதே ஏக்நாத்தான். கர்நாடகத்தில் சறுக்கலைப் பார்த்தவர் அங்கே போய் ஏற்றத்தைக் கட்டினார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அணைக்கரை:
இது எனக்குத் தெரியாது அக்கா, நன்றி.

ஐயா பயப்படுகிற குட்டி விஷயத்துக்கு வருகிறேன். பெண் திலேப்பியா முட்டையை வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். அந்த நாளெல்லாம் தின்னாது, தின்ற சத்தும் முட்டைக்கே போய்விடும், அதனால் வளராது. ஆண் மட்டும் இருந்தால் குட்டியும் இல்லை, வளர்ச்சியும் வேகம். அதனால்தான் நம் நாட்டில் ஆண் மீனை மட்டும்தான் வளர்க்க வேண்டும் என்று விதி. பொரிப்பகத்தில் ஒரு வாரம் உடன் இருந்து பார்த்திருக்கிறேன். வலைக் கூண்டில் பெண் மீனை மெதுவாகப் பிடித்து, தலையைக் கீழே சாய்த்து, கட்டை விரலால் தாடையைத் திறந்து தண்ணீரை ஊற்றி அலசுவார்கள், உள்ளே இருந்து மஞ்சள் முட்டை கேழ்வரகு கொட்டுகிற மாதிரி கிண்ணத்தில் விழும். மஞ்சளாக இருந்தால் புதுசு, பழுப்பாகிக் கண் தெரிந்தால் இன்னும் ஓரிரு நாளில் பொரியும். நிறம் நிறமாகப் பிரித்து ஜாடியில் போடுவார்கள். நீந்தத் தொடங்கியதும் ஆண் ஹார்மோன் கலந்த தீனி, ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம், 21 நாளிலிருந்து 28 நாள் வரை. அதோடு சரி. பிறகு ஐந்தாறு மாதம் சாதாரணத் தீனியில் வளர்ந்துதான் சந்தைக்கு வரும், அதற்குள் அந்த ஹார்மோன் உடம்பில் தங்கியிருக்காது.

ஏரிப்பாசனம்:
மீனில் இல்லை, சரி. அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது? கலக்குகிறவர் கையுறை போடுகிறாரா? நூறில் ஐந்து பெண்ணாகத் தப்பினால்? மழையில் உங்கள் குட்டை உடைந்தால் அது எந்த ஏரியில் போய் நிற்கும்? சண்டைக்கு இல்லை தம்பி, நான் ஏரி மடையில் நிற்கிறவன்.

அணைக்கரை:
உண்மைதான் ஐயா. நூற்றுக்கு நூறு ஆண் வருவதில்லை, என் குளத்திலேயே அறுவடையில் சில பெண் பார்த்தேன். வெளிமடைக்கு இரட்டை வலை, மேலே பறவை வலை, கரை மூன்றடி கூடுதல் என்று செய்திருக்கிறேன். எல்லோரும் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அனுமதி இல்லாமல் கண்ட இடத்தில் குஞ்சு வாங்கி ஏரியிலேயே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது.

முத்துநகர்:
ஏரிப்பாசனம் ஐயா பக்கம்தான் இதில் நானும். ஏரிக்கும் ஆற்றுக்கும் தேர்வு செய்த மீன் எதையும் விடக் கூடாது, ரோகுவாகவே இருந்தாலும். குட்டைக்குப் பண்ணை மீன், ஆற்றுக்கு ஆற்று மீன். இன்னொன்று, அடுத்த முறை தேர்வு தொடங்க நமக்கு வேண்டியதே அந்தக் காட்டு மீன்தான். எகிப்து மீனும் யமுனை மீனும் ஆற்றில் மிச்சம் இல்லாமல் போயிருந்தால் கிஃப்டும் இல்லை, ஜெயந்தியும் இல்லை.

பொரிப்பகத்தார்:
கடைமடை தம்பி, பேச்சு எங்கேயோ போய்விட்டது, உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். குஞ்சு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் தாய் மீனைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை தாய், எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் வந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், இந்த நான்கும்தான். புவனேஸ்வரத்தில் வாங்கியதென்றால் ரசீது இருக்கும். ஜெயந்தியின் பேரனையும் கொள்ளுப் பேரனையும் ஊர் ரோகுவோடு கலந்துவிட்டு ஜெயந்தி என்றே விற்கிறவர்கள் உண்டு, பேரை நம்பாதீர்கள். கட்லாவிலும் அம்ரித் என்று ஒன்றை இப்போது அதே நிறுவனம் விட்டிருக்கிறது, அதற்கும் இதே கேள்விதான். பதில் சொல்லாமல் சிரிக்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

முத்துநகர் சொன்ன சோதனையை நீங்களே செய்யலாம். இரண்டு குஞ்சையும் ஒரே அளவில் வாங்கி, விரல் நீளம் வந்ததும் ஒரு கூட்டத்துக்கு இடது வயிற்றுத் துடுப்பையும் இன்னொன்றுக்கு வலதையும் அடியோடு கத்தரித்துவிட்டு ஒரே குட்டையில் விடுங்கள். இரண்டையுமே வெட்ட வேண்டும், ஒன்றை மட்டும் வெட்டினால் வலியும் ஒன்றுக்கு மட்டும்தான், கணக்கு சாயும். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி போதும். மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கிவிட்டு விடுங்கள்.

கடைமடை:
செய்கிறேன் அண்ணே. மேற்குக் குட்டையில் செய்கிறேன், அங்கே நிழல் இல்லை.

கடைமடை:
ஆறு மாதம் ஆகிவிட்டது, மறந்திருப்பீர்கள். இன்று காலை எடை பார்த்தேன், அதை எழுத வந்தேன்.

போன முறை சொன்ன மாதிரியே, இரண்டு இடத்துக் குஞ்சும் ஒரே அளவாகப் பொறுக்கி 250, 250 விட்டேன். துடுப்பு வெட்ட நானும் வீட்டிலும் மதியத்திலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்தோம். அவள் பிடிப்பாள், நான் வெட்டுவேன். முதல் ஐம்பதுக்குக் கை நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. மறுநாள் காலை நான்கு மிதந்தன, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.

இன்று வலையில் விழுந்ததில் ஒவ்வொரு மீனையும் திருப்பி வயிற்றைப் பார்த்துத்தான் பிரித்தோம். மூன்று மீனுக்குத் துடுப்பு பாதி வளர்ந்து எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, அதை ஒதுக்கிவிட்டேன். பழைய குஞ்சு 60 மீன், சராசரி 412 கிராம். ஜெயந்தி 60 மீன், 498 கிராம். போன முறை 250 கிராம் வித்தியாசம் என்று எழுதினேனே, ஒரே தண்ணீரில் விட்டால் அது 86 தான். முத்துநகர் அக்கா சொன்னது சரி, மீதியில் பெரும்பகுதி மரமும் குஞ்சு அளவுமாகத்தான் இருக்கும். தூங்குமூஞ்சிக் கிளையை வெட்டியாயிற்று.

ஆனால் 86 கிராமும் சும்மா இல்லை. அடுத்த முறை முழுக்க ஜெயந்தியாக விட்டு 900 ரோகு பிழைத்தால் 77 கிலோ கூடுதல், அதே தீனிக்கு. குஞ்சுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அதில் ஒரு மூலைக்கு வராது.

மூலையில் வலை கட்டி வைத்திருந்த 20 மீனையும் தீபாவளிக்கே விற்றுவிட்டேன், நல்ல விலை போனது. வழக்கமாக வாங்குகிற பொரிப்பகத்துக்கு நேரில் போய் அந்த நான்கு கேள்வியையும் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு உட்காரச் சொல்லி, இந்த எடைக் கணக்கு எழுதிய நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். புவனேஸ்வரத்தில் தாய் மீன் வாங்க எப்படி எழுதிப் போட வேண்டும் என்று கேட்கிறார். பொரிப்பகத்தார் அண்ணே, உங்களுக்குத் தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், அவருக்குக் காட்டுகிறேன்.